அதென்ன சில்லறையோடு 6.86?



குடிநீர், பாசன நீர் பற்றிப் போன இதழில் வந்த கட்டுரைக்குக் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் அலுவலகத்தில் மேசை மேசையாகச் சுற்றியது. எழுதியவர் கம்பம் பக்கத்தில் திராட்சை போட்டிருப்பவர். சொட்டுநீர்த் தொட்டியில் உள்ள தண்ணீரைச் சோதிக்கப் பேனா போன்ற ஒரு பிஎச் மீட்டர் வாங்கியிருக்கிறார். கூடவே மூன்று பொட்டலங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் 4.01, ஒன்றில் 6.86, ஒன்றில் 9.18 என்று போட்டிருக்கிறது. “நடுநிலை என்றால் 7 என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நடுப் பொட்டலத்தில் முழுசாக 7 என்று போட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்? அதென்ன சில்லறையோடு 6.86?” என்று கேட்டிருக்கிறார்.

வழக்கமாக இந்தப் பக்கத்தில் இதழில் என்னென்ன இருக்கிறது என்று சொல்லி உங்களை உள்ளே அனுப்பிவைப்பேன். இந்த மாதம் அதை நீங்களே புரட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்தை அந்தக் கேள்விக்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் அந்தப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது? இரண்டு வெள்ளைப் பொடிகளின் கலவை. ஒன்று டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட். இன்னொன்று பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட். பெயர் மிரட்டினாலும் இரண்டாவது ஆசாமி நம் கம்பத்து நண்பருக்குப் புதியவர் அல்ல. அவருடைய தோட்டத்து மோட்டார் அறையில் மூட்டையாகவே இருக்கக்கூடும். உரக்கடையில் ‘0-52-34’ என்று கேட்டு வாங்குகிறோமே, பூப்பிடிக்கும் காலத்தில் இலைவழியாகவும் சொட்டுநீர் வழியாகவும் கொடுக்கிறோமே, மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், அதேதான். ஆய்வகத்தில் சின்ன பாட்டிலில் சுத்தமாக இருக்கிறது, தோட்டத்தில் மூட்டையில் கொஞ்சம் அழுக்கோடு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூட்டையின் மேலுள்ள எண்களும் சும்மா வந்தவை அல்ல. உர உலகில் மணிச்சத்தைப் பாஸ்பரஸ் பென்டாக்சைடாகவும் சாம்பல்சத்தைப் பொட்டாசியம் ஆக்சைடாகவும் கணக்கிடும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை. இந்த உப்பின் மூலக்கூறு எடை 136.09. அதிலிருந்து கணக்குப் போட்டால் முதலாவது 52 சதவீதமும் இரண்டாவது 34 சதவீதத்துக்குச் சற்று மேலும் வரும். தழைச்சத்து கிடையாது, அதனால் முன்னால் ஒரு பூஜ்யம். ஆக, மூட்டையில் இருக்கும் எண் அந்த உப்பின் மூலக்கூறிலிருந்தே நேராக வருகிறது. உண்மையில் உள்ளே இருக்கும் பாஸ்பரஸ் 23 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே, பொட்டாசியம் 29 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. இந்த ஆக்சைடு கணக்கை விட்டொழித்தால் விவசாயிக்கும் மாணவருக்கும் ஒரு குழப்பம் குறையும் என்பது என் நெடுநாள் எண்ணம். யார் கேட்கிறார்கள்!

இனி 6.86க்கு வருவோம். பாஸ்பாரிக் அமிலத்திடம் மூன்று ஹைட்ரஜன்கள் இருக்கின்றன. மூன்றையும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுக்காது. முதலாவது பிஎச் 2 அளவிலேயே போய்விடும். இரண்டாவது 7ஐ ஒட்டிப் போகும். மூன்றாவது 12ஐத் தாண்டிய பிறகுதான். நம் பொட்டாசியம் உப்பு ஒன்றைக் கொடுத்துவிட்டு இரண்டை வைத்துக்கொண்டிருப்பது. தனியாகத் தண்ணீரில் கரைத்தால் பிஎச் 4.4 போல வரும், அதாவது லேசான அமிலம். கூட இருக்கும் சோடியம் உப்பு இரண்டைக் கொடுத்துவிட்டு ஒன்றோடு நிற்பது. அதன் கரைசல் காரப்பக்கம், 9ஐ ஒட்டி இருக்கும். இரண்டையும் கலந்தால், வெளியிலிருந்து அமிலம் வந்தால் ஒன்று வாங்கிக்கொள்ளும், காரம் வந்தால் மற்றது ஈடுகொடுக்கும். பிஎச் பெரிதாக அசையாது. பாடப்புத்தகம் இதைத்தான் தாங்கல் கரைசல் என்கிறது. ஆய்வகத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை, பஃபர் என்றுதான் சொல்வார்கள். 5.8இலிருந்து 8 வரைக்கும் இந்தச் சோடி நன்றாகத் தாங்கும். உயிரணுக்களும் பெரும்பாலான நொதிகளும் வேலை செய்வது ஏறத்தாழ இந்த எல்லைக்குள்தான் என்பதால் உயிரியல் ஆய்வகத்தில் இதற்கு அவ்வளவு மதிப்பு.

பிஎச் என்ற அளவையே நமக்குக் கொடுத்த சோரன்சென் கையாண்டவற்றிலும் இந்தச் சோடி உண்டு. டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் அவர் வேலை பார்த்தார். நொதிகள் எந்த அமிலநிலையில் எப்படி வேலை செய்கின்றன என்று பார்க்க, பிஎச் மாறாமல் நிற்கும் கரைசல்கள் அவருக்குத் தேவைப்பட்டன. 1909இல் அவர் எழுதிய ஆய்வுரையில் பிஎச் என்ற அளவும் வந்தது, அதைப் பிடித்துவைக்கும் கரைசல்களும் வந்தன. லிட்டருக்கு 9.08 கிராம் பொட்டாசியம் உப்பு போட்ட கரைசல் ஒரு பாட்டில், சோடியம் உப்புக் கரைசல் ஒரு பாட்டில். இரண்டையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து வேண்டிய பிஎச் பெறுவது. நூறு ஆண்டு தாண்டியும் கல்லூரிச் சுவர்களில் ஒட்டியிருக்கும் ‘சோரன்சென் பஃபர்’ அட்டவணை அதுதான்.

இப்போது கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். நம் மேல்நிலைப் பள்ளி மாணவர் எவரும் ஹென்டர்சன் சமன்பாட்டைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அமில வடிவமும் கார வடிவமும் சம அளவில் இருந்தால் பிஎச் என்பது பிகேஏ என்ற அமில எண்ணுக்குச் சமம். பாஸ்பாரிக் அமிலத்தின் இரண்டாவது ஹைட்ரஜனுக்குரிய பிகேஏ 7.20. பொட்டலத்தில் இரண்டு உப்பும் ஒரு கிலோ நீருக்குத் தலா 0.025 மோல் வரும்படி சம அளவில்தான் இருக்கின்றன. அப்படியென்றால் 7.20 அல்லவா வர வேண்டும்? மீட்டர் 6.86 காட்டுகிறதே?

கணக்கும் சரி, மீட்டரும் சரி. சமன்பாட்டை நாம் செறிவை வைத்துப் போடுகிறோம். கரைசலோ அயனிகளின் செயல்திறனுக்குத்தான் கட்டுப்படும். கரைசலில் அயனிகள் தனித்தனியாகத் திரிவதில்லை. ஒவ்வொன்றையும் எதிர் மின்சுமை கொண்டவை சூழ்ந்துகொள்கின்றன, அந்த அளவுக்கு அதன் வீச்சு குறைகிறது. 1923இல் டிபையும் ஹூக்கலும் போட்டுக் காட்டிய கணக்குப்படி இந்தக் குறைவு மின்சுமையின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம் சோடியில் ஒன்று ஒற்றைச் சுமை உள்ளது, மற்றது இரட்டைச் சுமை. இரட்டைச் சுமை அயனிக்கு நான்கு மடங்கு பாதிப்பு. எண்ணிக்கையில் இருவரும் சமம் என்றாலும் களத்தில் கார வடிவத்தின் கை தாழ்ந்துவிடுகிறது, பிஎச் அமிலப் பக்கம் இறங்குகிறது. 7.20க்கும் 6.86க்கும் இடையே தொலைந்துபோன அந்த 0.34 இதுதான். பஃபர் தயாரித்துவிட்டுக் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று மீட்டரைத் தட்டிக்கொண்டிருக்கும் மாணவர்களைப் பல ஆய்வகங்களில் பார்க்கலாம். யாராவது இதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லியிருக்கலாம்.

அப்படியானால் விகிதத்தைக் கொஞ்சம் மாற்றி முழுசாக 7 வரவைக்கலாமே? வரவைக்கலாம், அப்படி விற்பவர்களும் இருக்கிறார்கள். 7.00 என்று வரும் பஃபர்களிலும் பெரும்பாலும் இதே பாஸ்பேட்டுகள்தான். ஆனால் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பில் அளவைத் தரங்களை வகுத்தவர்கள் எண்ணை முன்னால் வைத்துக்கொண்டு கரைசல் செய்யவில்லை. உலகின் எந்த மூலையிலும் எவராலும் பிசகாமல் நிறுத்தெடுத்துத் திரும்பச் செய்யக்கூடிய ஒரு கரைசலைத் தேர்ந்தார்கள், பிறகு அதன் பிஎச் என்ன என்று ஹைட்ரஜன் மின்முனையால் அளந்தார்கள். 25 டிகிரியில் 6.865 வந்தது. வந்ததை அப்படியே எழுதிவைத்தார்கள். கம்பத்து நண்பர் பொட்டலத்தின் பின்பக்கத்தையும் பார்க்க வேண்டும். வெப்பநிலை அட்டவணை ஒன்று இருக்கும். 20 டிகிரியில் 6.88, 35 டிகிரியில் 6.84. சித்திரை வெயிலில் மோட்டார் அறையில் வைத்து மீட்டரைத் திருத்துகிறவர் 6.84க்குத்தான் திருத்த வேண்டும். கரைக்கும் தண்ணீர் காய்ச்சி வடித்த நீராக இருக்கட்டும். போர்வெல் தண்ணீரில் கரைத்தால் பொட்டலத்துக்குக் கொடுத்த காசு தண்டம்.

அயனிகள் ஒன்றையொன்று சூழ்ந்துகொள்ளும் அதே காரணத்தால் வரும் இன்னொரு தலைவலியையும் சொல்லிவிடுகிறேன். உயிரணு வளர்ப்பு செய்கிறவர்கள் ‘பிபிஎஸ்’ என்று ஒரு கரைசலை லிட்டர் லிட்டராகச் செலவழிப்பார்கள். லிட்டருக்கு 8 கிராம் சோடியம் குளோரைடு, 0.2 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 1.44 கிராம் சோடியம் பாஸ்பேட், 0.24 கிராம் நம் பொட்டாசியம் பாஸ்பேட். பிஎச் 7.4. ஒவ்வொரு தடவையும் நிறுக்கச் சோம்பல்பட்டுப் பத்து மடங்கு செறிவில் செய்துவைப்பது வழக்கம். அந்தச் செறிந்த கரைசலில் மீட்டரை வைத்தால் 6.8 போலக் காட்டும். புதிதாகச் சேர்ந்தவர் பதறிப்போய்க் காரம் ஊற்றி 7.4க்குக் கொண்டுவருவார். நீர்த்த பிறகு அது எங்கேயோ ஏறி நிற்கும். தொடாமல் விட்டிருந்தால் பத்து மடங்கு நீர்த்ததும் தானாகவே 7.4க்கு வந்திருக்கும். நெரிசல் குறைந்ததும் இரட்டைச் சுமை அயனிக்குப் பழைய பலம் திரும்பிவிடுகிறது.

பாஸ்பேட் உப்புகள் எத்தனையோ இருக்க, பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட்டின் மேல் வேதியியலாளர்களுக்குத் தனிப் பாசம் உண்டு. காரணம் எளிது: நிறுத்தால் நம்பலாம். அதன் படிகத்தில் நீர் கிடையாது. காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக் கசிவதும் இல்லை. 110 டிகிரியில் கொஞ்ச நேரம் உலர்த்தினால் போதும், சீட்டில் எழுதியிருப்பது பாட்டிலில் இருக்கும். உடன்பிறப்புகள் அப்படி அல்ல. சோடியம் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நீரற்றது 142, இரண்டு நீர் உள்ளது 178, ஏழு நீர் உள்ளது 268, பன்னிரண்டு நீர் உள்ளது 358 என்று நான்கு மூலக்கூறு எடைகள், நான்கு பாட்டில்கள், எல்லாம் வெள்ளை. நீரற்றதற்கு எழுதிய அளவைப் பன்னிரண்டு நீர் பாட்டிலிலிருந்து நிறுத்துப் போட்டால் கரைசலில் ஐந்தில் இரண்டு பங்குதான் பாஸ்பேட் இருக்கும். போதாக்குறைக்கு அந்தப் பன்னிரண்டு நீர் படிகம் காற்றுப்பட்டால் நீரை இழந்து பூத்துப்போகும். பழைய பாட்டிலில் இப்போது எத்தனை நீர் மிச்சம் என்று அதற்கே தெரியாது. டைபொட்டாசியம் உப்போ நேரெதிர். ஐப்பசி மழையில் மூடியைச் சரியாக மூடாமல் விட்டால் மறுநாள் கட்டி தட்டிப்போய்க் கரண்டியை உடைக்கும்.

நிறுத்தால் நம்பலாம் என்பதால்தான் மண் பரிசோதனை நிலையங்களில் மணிச்சத்தை அளக்கும் தராதரமும் இந்த உப்பே. 0.4394 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் சரியாக 100 மில்லிகிராம் பாஸ்பரஸ். அதைப் படிப்படியாக நீர்த்து, மாலிப்டேட் சேர்த்து, நீலம் எவ்வளவு ஏறுகிறது என்று வரைபடம் போட்டுக்கொள்வார்கள். உங்கள் வயல் மண்ணின் சாறு கொடுக்கும் நீலத்தை அந்த வரைபடத்தில் வைத்துத்தான் மண்வள அட்டையில் எண் எழுதுகிறார்கள். திசுவளர்ப்பு வாழைக்கன்று வாங்கி நட்டவர்களும் இந்த உப்புக்குக் கடன்பட்டவர்கள். அந்தக் கன்றுகளைப் புட்டியில் வளர்க்கும் முராஷிகே–ஸ்கூக் ஊடகத்தில், 1962இல் அவர்கள் எழுதியபடி, லிட்டருக்கு 170 மில்லிகிராம் இருக்கிறது.

குறை இல்லாத உப்பும் இல்லை. கால்சியத்தோடு இதற்கு ஒத்துவராது. சேர்ந்ததும் வெள்ளையாக வீழ்படிவு. கால்சியம் நைட்ரேட்டையும் 0-52-34ஐயும் ஒரே தொட்டியில் கலக்காதீர்கள் என்று உரக்கடைக்காரர் சொல்வது இதற்காகத்தான். கலந்தால் சொட்டுவான்கள் அடைத்துக்கொள்ளும். ஆய்வகத்திலும் கால்சியம், மெக்னீசியம் உள்ள ஊடகத்தைப் பாஸ்பேட்டோடு சேர்த்து ஆட்டோகிளேவில் வைத்தால் அடியில் படிந்து கிடக்கும். புரதங்களைப் பிரிக்க எஸ்டிஎஸ் என்ற சோப்புப் பொருளைச் சேர்க்கிறவர்கள் பொட்டாசியம் பாஸ்பேட்டைத் தவிர்த்துச் சோடியம் பாஸ்பேட்டுக்குப் போக வேண்டும். பொட்டாசியம் எஸ்டிஎஸ்ஸைப் பிடித்து உறையவைத்துவிடும். ஆனால் மாதிரியை உறைநிலையில் வைக்கிறவர்களுக்கு அறிவுரை தலைகீழ். சோடியம் பாஸ்பேட் பஃபர் உறையும்போது அந்தப் பன்னிரண்டு நீர் படிகம் முதலில் பிரிந்துவிடும், மிச்சமிருக்கும் திரவத்தின் பிஎச் 7இலிருந்து 4ஐ நோக்கிச் சரியலாம். ஃப்ரீசரில் பத்திரமாக வைத்த நொதி ஏன் செத்துப்போனது என்று தேடுகிறவர்களின் பட்டியலில் இது முதலில் இருக்க வேண்டும். பொட்டாசியம் பாஸ்பேட்டில் இந்தச் சரிவு அவ்வளவு இல்லை.

நுண்ணுயிரியல் படிக்கும் வாசகர்களுக்கு ஒன்று. பாஸ்பேட்டையும் அகாரையும் சேர்த்தே ஆட்டோகிளேவ் செய்வது தலைமுறைகளாக இருந்துவரும் பழக்கம். அப்படிச் செய்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகிறது, அதனால் பல நுண்ணுயிர்கள் தட்டில் முளைக்காமலே போகின்றன என்று 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டையும் தனித்தனியாக ஆட்டோகிளேவ் செய்து பிறகு கலந்தால் கூடுதல் கூட்டங்கள் முளைத்தன. ‘வளர்க்க முடியாத நுண்ணுயிர்’ என்று ஒதுக்கிவைத்தவற்றில் சில இப்படி நாமே கொன்றவையாக இருக்கலாம். இன்றும் பல கல்லூரிக் கையேடுகளில் எல்லாவற்றையும் ஒரே குடுவையில் போடச் சொல்லித்தான் எழுதியிருக்கிறது. பேராசிரிய வாசகர்கள் யாராவது அந்த வரியை அடித்துத் திருத்தினால் மகிழ்வேன்.

இதுவரை சொன்னது வேதியியல் மாடி. அதே கட்டடத்தில் இயற்பியல் மாடிக்கு ஏறினால் இந்த உப்புக்கு ‘கேடிபி’ என்று வேறு பெயர், வேறு மரியாதை. அங்கே யாரும் இதைக் கரைத்து முடித்துவிடுவதில்லை, கரைத்துவிட்டுத் திரும்பப் படிகமாக வரக் காத்திருக்கிறார்கள். சூரிச்சில் புஷ், ஷெரர் இருவரும் 1935இல் இந்தப் படிகம் 123 கெல்வினுக்குக் கீழே தானாகவே மின்முனைவு கொள்வதைக் கண்டார்கள். ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் போட்டால் அந்த வெப்பநிலை ஏறத்தாழ நூறு டிகிரி மேலே போய்விடுகிறது. சூத்திரதாரி ஹைட்ரஜன் பிணைப்புதான் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். லேசர் வந்த பிறகு இன்னொரு வேலை கிடைத்தது. 1064 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைச் சரியான கோணத்தில் உள்ளே விட்டால் 532 நானோமீட்டர் பச்சை ஒளியாக வெளியே வரும். கலிபோர்னியாவின் லிவர்மோரில் உள்ள தேசிய இக்னிஷன் நிலையத்தில், 2022 டிசம்பர் 5 அன்று அணு இணைவில் போட்டதைவிட அதிக ஆற்றல் வந்ததே, அங்கே 192 லேசர் கற்றைகளையும் அகச்சிவப்பிலிருந்து புறஊதாவாக மாற்றியவை கேடிபியும் அதன் டியூட்டீரியம் வடிவமும்தான். அதற்காக வளர்த்த படிகங்களில் ஒன்று 300 கிலோவைத் தாண்டியது.

நம் ஊருக்கும் இதில் பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் இயற்பியல் துறைகளில் படிக வளர்ப்பு ஒரு பெரிய குடும்பம். அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கென்றே தனி மையம் உண்டு. புதிதாக ஒரு படிகத்தை வளர்த்து, அது ஒளியின் அதிர்வெண்ணை எவ்வளவு இரட்டிக்கிறது என்று சொல்ல ‘கேடிபியைப் போல இத்தனை மடங்கு’ என்று எழுதாத முனைவர் பட்ட ஆய்வேடு அந்தக் குடும்பத்தில் அபூர்வம். சங்கரநாராயணன், ராமசாமி இருவரும் 2005இல் வெளியிட்ட முறை அவர்கள் பெயரின் முதலெழுத்துகளாலேயே எஸ்ஆர் முறை என்று வெளிநாட்டு ஆய்விதழ்களிலும் அறியப்படுகிறது. கண்ணாடிக் குழாயின் அடியில், வேண்டிய திசை மேல்நோக்கி இருக்கும்படி விதைப் படிகத்தை வைத்து, மேலே கரைசலை நிரப்பி, மேற்புறத்தை மெல்லச் சூடாக்கி நீரை ஆவியாக்குவார்கள். படிகம் அந்த ஒரே திசையில் குழாயை நிறைத்தபடி ஏறும். லேசருக்குக் குறிப்பிட்ட கோணத்தில் வெட்ட வேண்டிய கேடிபியைப் போன்றவற்றில் வெட்டுச் சேதம் குறைவது இதன் பெரிய லாபம்.

விதைப் படிகம் வரைக்கும் வீட்டிலேயே செய்யலாம், பிள்ளைகளோடு. 30 டிகிரியில் 100 மில்லி நீரில் இந்த உப்பு சுமார் 28 கிராம் கரையும். வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீர் 100 மில்லியில் 30 கிராம் போட்டு முழுதும் கரைத்து வடிகட்டுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சின்னச் சின்ன ஓட்டை போட்ட தாளால் மூடி, ஃபேன் காற்று படாத இடத்தில் விட்டுவிடுங்கள். அடியில் நான்கு பட்டையான தூண்கள் தோன்றும். இரண்டு முனையிலும் கோபுரம் கட்டியதுபோல் கூர்ந்திருக்கும். அதில் பளிச்சென்று இருப்பதை நைலான் இழையில் கட்டிப் புதுக் கரைசலில் தொங்கவிட்டால் பெரிதாகும். கையால் அடிக்கடி தொடாதீர்கள், ஈரம் பட்டால் பளபளப்பு போய்விடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேலை. ஒரு கிண்ணத்தில் ஆய்வகத் தூய்மை உள்ள உப்பையும், இன்னொன்றில் உரக்கடை 0-52-34ஐயும் போட்டு ஒரே நாளில் தொடங்குங்கள். இரும்பு, அலுமினியம் போன்ற மும்மைச் சுமை அயனிகள் மிகச் சிறிதளவு இருந்தாலும் தூணின் பக்கவாட்டு முகங்களில் ஒட்டிக்கொண்டு வளர்ச்சியைத் தடுக்கும். முனை மட்டும் வளர்ந்து படிகம் சரிவாகக் கூம்பிப்போகும். உங்கள் ஊர் மூட்டையில் எவ்வளவு கூம்புகிறது என்று பார்க்க எனக்கு ஆவல். இரண்டையும் அருகருகே வைத்து, ஓர் அளவுகோலும் சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்கள். உரம் வாங்கிய ஊரையும் எழுதுங்கள், கம்பெனிப் பெயர் வேண்டாம். நல்ல படங்களை அடுத்த இதழில் நடுப்பக்கத்தில் போடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்